பூனை பூனையாகவே இருப்பது ஏன்?

வேல்ஸ் நாட்டில் அபர்கவென்னி என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்யப்பட்ட நாய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் விஸ்கி. நீண்ட உடம்பு, குட்டையாக வளைந்த கால்கள். அது சமையலறையில் வேலை பார்த்த நாய்ச் சாதியைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை பிரிட்டனின் பெரிய வீடுகளிலும் விடுதிகளிலும் இறைச்சியைக் கம்பியில் கோத்து நெருப்பின் முன்னால் மணிக்கணக்கில் சுழற்றுவார்கள். சுழற்றுவதை நிறுத்தினால் ஒரு பக்கம் கருகிவிடும். அதனால் சுவரில் உயரமாக ஒரு மரச்சக்கரம் பொருத்தி, அதற்குள் நாயை விட்டு ஓடச் செய்தார்கள். சக்கரம் சுழன்றால் சங்கிலி இழுபடும், கம்பியும் இறைச்சியும் சுழலும். கால் நீண்ட நாய் அந்தச் சக்கரத்துக்குள் அடங்காது, எடை குறைந்த நாயால் சக்கரத்தை நகர்த்த முடியாது. எனவே குட்டைக் காலும் கனத்த உடம்பும் உள்ள நாய்களையே தேடித் தேடி இணை சேர்த்தார்கள். பல வீடுகளில் இரண்டு நாய்கள் முறை மாற்றி ஓடின. இயந்திரச் சுழற்றிகள் விலை குறைந்து வீட்டுக்கு வீடு வந்ததும் நாய்க்கு வேலை போயிற்று. 1900 வாக்கில் அந்த இனமே இல்லை.

அதே சமையலறையில் பூனையும் இருந்திருக்கும். மூலையில் படுத்திருக்கும், எலி பிடிக்கும், பால் பாத்திரத்தில் வாய் வைத்து அடி வாங்கும். ஆனால் எந்த வேலைக்காகவும் அதன் காலைக் குட்டையாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாய்க்கும் பூனைக்கும் இடையே இன்று நாம் காணும் பெரிய வேற்றுமை ஒன்றின் விதை இந்தச் சமையலறையிலேயே கிடக்கிறது.

முதலில் அந்த வேற்றுமையின் அளவைப் பார்த்துவிடுவோம். உலகின் மிக உயரமான நாய் என்று 2011இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்ற ஜீயஸ் என்ற கிரேட் டேன், தோள்வரை 111.8 செ.மீ. உயரம். மிகக் குட்டையான நாயாகப் பதிவான பேர்ல் என்ற சிவாவா 9.14 செ.மீ. உயரம்தான். இரண்டும் ஒரே உயிரினம். மரபணு அளவில் இரண்டுமே சாம்பல்நிற ஓநாயின் வழித்தோன்றல்கள். எடையில் பார்த்தால் சிவாவா 2 கிலோ அளவில் நிற்க, மாஸ்டிஃப் 80 கிலோவைத் தாண்டும். பூனையிலோ சிறியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூரா 2, 3 கிலோ. பெரியதாகச் சொல்லப்படும் மெய்ன் கூன் ஆண் 8 முதல் 10 கிலோ. நாயில் நாற்பது மடங்கு, பூனையில் நான்கு மடங்கு.

உருவத்திலும் இதே கதைதான். அப்பி டிரேக், கிறிஸ்டியன் கிளிங்கன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் நாய் மண்டையோடுகளை அளந்து, அவற்றின் வடிவ வேறுபாடு ஊனுண்ணி வரிசை முழுவதிலும் காணும் வேறுபாட்டுக்கு நிகரானது என்று காட்டினார்கள். கரடி, கீரி, கடற்சிங்கம், கழுதைப்புலி எல்லாம் அந்த வரிசையில் அடக்கம். பல கோடி ஆண்டுகளில் இயற்கை செய்ததைச் சில ஆயிரம் ஆண்டுகளில், அதிலும் பெரும்பகுதியைச் சில நூற்றாண்டுகளில், மனிதன் ஒரே விலங்கிடம் செய்துவிட்டான்.

ஏன் நாயிடம்? ஏன் பூனையிடம் இல்லை?

வேலை என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை. அது சரியான விடையும்கூட, ஆனால் அதற்குள் போய்ப் பார்க்க வேண்டும். நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசெல் என்ற இடத்தில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோருடன் புதைக்கப்பட்ட நாய்க்கு வயது 14,000 ஆண்டுகளுக்கு மேல். அப்போது விவசாயம் கிடையாது, வேட்டையாடித் திரிந்த காலம். அந்த நாளிலிருந்தே நாய்க்குப் பல வேலைகள். சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருக்கும் ஜோகோவ் தீவில் சறுக்குவண்டிகளின் எச்சங்களோடு நாய் எலும்புகளும் கிடைத்துள்ளன. அங்கே கிடைத்த 9,500 ஆண்டுப் பழமையான ஒரு நாயின் மரபணுத் தொகுப்பை 2020இல் படித்தபோது, அது இன்றைய கிரீன்லாந்து சறுக்குவண்டி நாய்களுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. சறுக்குவண்டி இழுக்கும் நாய் ரொம்பப் பெரிதாக இருந்தால் உடம்புச் சூடு தணியாது, ரொம்பச் சிறிதாக இருந்தால் இழுக்க வலு போதாது. அந்தத் தீவின் மனிதர்கள் இதைப் பட்டறிவால் தெரிந்து வைத்திருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

2025இல் அலோவென் எவின், கார்லி அமீன் முதலியோர் கடந்த 50,000 ஆண்டுகளைச் சேர்ந்த 643 மண்டையோடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. நாய்க்கே உரிய மண்டையோட்டு வடிவம் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே ரஷ்யாவில் தெரியத் தொடங்குகிறது. கற்கால நாய்களிடமே இன்றைய நாய்களின் வடிவ வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி இருந்திருக்கிறது. விக்டோரியா அரசி காலத்து ஆங்கிலேயச் சீமான்கள்தான் நாயை இப்படிப் பலவாக்கினார்கள் என்று பல நூல்களில் படிக்கிறோம். அவர்கள் செய்தது மீதிப் பாதி. மிகக் கோரமான பகுதி அதில்தான் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பூனையின் கதை வேறு. தானியம் சேமித்த இடத்தில் எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. அது வடக்கு ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் சிறிய காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் ஷிலூரோகாம்போஸ் என்ற இடத்தில் 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பூனையைப் புதைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய வீட்டுப்பூனையின் மூதாதைகள் வடக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்தது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று அண்மைய மரபணு ஆய்வு சொல்கிறது. பழக்கம் பழையது, முழு வாழ்வையும் பகிர்ந்துகொண்ட காலம் குறைவு.

எலி பிடிப்பதற்கு அந்தக் காட்டுப்பூனையின் உடம்பில் எதையும் திருத்த வேண்டியதில்லை. பதுங்கும் கால், உள்ளிழுத்துக்கொள்ளும் நகம், இருளில் பார்க்கும் கண், குட்டைத் தாடையில் குவியும் கடியின் வலு எல்லாம் முன்பே கச்சிதமாக இருந்தன. இன்னும் பெரிய பூனை எலி வளைக்குப் பக்கத்தில் பதுங்க முடியாது, இன்னும் சிறிய பூனை பெருச்சாளியிடம் தோற்கும். எஜமான் சொல்படி நடக்கும் பூனையை வளர்த்தாலும் பயனில்லை, எலி பிடிப்பது அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லையே. மாற்றுவதற்குக் காரணமே இல்லாத விலங்கு அது. எகிப்தியர்கள் கோயில் காணிக்கைக்காகப் பூனைகளைப் பெருமளவில் வளர்த்தார்கள். 1890இல் பூனைச் சவங்கள் டன் கணக்கில் கப்பலேறி, எருவாக அரைக்கப்படுவதற்காக லிவர்பூல் துறைமுகத்துக்குப் போயின. அவ்வளவு பூனை வளர்த்தவர்களும் பூனையின் உருவத்தை மாற்ற முனையவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

வேலைக்கு அடுத்தது இணை சேர்ப்பு. எனக்கு இது வேலையைவிட முக்கியமாகப் படுகிறது. விரும்பிய குணத்தை நிலைநிறுத்த வேண்டுமென்றால் எது எதோடு சேர்கிறது என்பது வளர்ப்பவரின் கையில் இருக்க வேண்டும். பெட்டை நாய் பருவத்துக்கு வருவது பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை. அந்த நாட்களில் கட்டிப்போட்டு வைத்தால் போதும். பெட்டைப் பூனை ஆண்டில் பல முறை பருவத்துக்கு வரும். கூரை மேல் ஏறிக் கத்தும், சுவர் தாண்டும், ஊரில் உள்ள கடுவன் பூனைகளெல்லாம் வந்துவிடும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருப்பது பூனையில் சாதாரணம். டார்வின் 1859இல் வெளியிட்ட தன் பெருநூலின் முதல் அத்தியாயத்திலேயே, இரவில் அலையும் பழக்கத்தால் பூனைகளை விரும்பியபடி இணை சேர்க்க முடிவதில்லை, அதனால்தான் தனிப் பூனையினங்கள் அரிது என்ற கருத்தைச் சொல்லிவிட்டார்.

நாயிடம் இந்தக் கட்டுப்பாட்டை மனிதர்கள் எந்த அளவுக்குக் கொண்டுபோனார்கள் என்பதற்கு வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஓர் அருமையான சான்று இருக்கிறது. இன்றைய வாஷிங்டன் மாநிலத்திலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாழும் கோஸ்ட் சாலிஷ் மக்கள் கம்பளிக்காகவே ஒரு நாயினத்தை வளர்த்தார்கள். அவர்களிடம் ஆடு இல்லை. அடர்ந்து நீண்ட மயிருள்ள நாய்களுக்கு மீன் போட்டு வளர்த்து, ஆட்டுக்குக் கத்தரிப்பதுபோல் மயிரைக் கத்தரித்து, நூல் நூற்றுப் போர்வை நெய்தார்கள். ஊரில் வேட்டைக்கென்று வேறு குட்டை மயிர் நாய்களும் இருந்தன. இரண்டும் சேர்ந்துவிட்டால் கம்பளி கெட்டுவிடும். எனவே கம்பளி நாய்களைச் சிறு தீவுகளில் தனியாக விட்டு வைத்தார்கள், பெண்கள் படகில் போய் உணவு கொடுத்து வந்தார்கள். அந்த இனத்தின் கடைசிக் காலத்து நாய் ஒன்றின் தோல், தலைநகர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. 1859இல் இறந்த அந்த நாயின் பெயர் மட்டன். 2023இல் அந்தத் தோலிலிருந்து மரபணுத் தொகுப்பை எடுத்துப் படித்தவர்கள், அந்த நாய்கள் பல ஆயிரம் ஆண்டுகள் மற்ற நாய்களோடு கலக்காமல் காப்பாற்றப்பட்டவை என்று கண்டார்கள். வேலியும் பதிவேடும் சங்கமும் இல்லாமல், கடலையே வேலியாக்கிச் செய்த காரியம் இது. பிழைப்புக்கான அறிவு எவ்வளவு நுட்பமாக இருக்க முடியும் என்று நினைக்கும்போது எனக்கு அந்தப் பெண்கள் மேல் பெரும் மரியாதை வருகிறது.

நம் ஊரிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய மூன்றும் ஊர்ப்பெயர்கள். மூன்றும் நாய்களின் பெயர்கள். முயலைத் துரத்தும் சிப்பிப்பாறை ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கூர்மூஞ்சியுமாக இருக்கும், ராஜபாளையம் அதைவிட எலும்பு கனத்து வெள்ளையாக இருக்கும். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்குக் கிடைத்தது. இந்த நாய்கள் பிழைத்திருப்பது, குட்டி யாருக்குப் பிறந்தது என்பதைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்த குடும்பங்களால்தான். தமிழ்நாட்டில் ஊர்ப்பெயர் தாங்கிய பூனையினம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. எந்தத் தெருவில் பார்த்தாலும் நாட்டுப் பூனை நாட்டுப் பூனைதான். சென்னை மீன் சந்தைப் பூனையையும் இஸ்தான்புல் தெருப் பூனையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் சொல்வது கடினம்.

இங்கே நம் ஒப்பீட்டில் உள்ள ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். பூனையை நினைக்கும்போது தெருப் பூனையை நினைக்கிறோம், நாயை நினைக்கும்போது கிரேட் டேனையும் பக்கையும் நினைக்கிறோம். உலகில் உள்ள நாய்களில் பெரும்பாலானவை எந்த இனத்தையும் சேராதவை, தாமாக இணை சேர்ந்து தாமாகக் குட்டி போடுபவை. நம் தெருநாய்களைப் பாருங்கள். 15 முதல் 20 கிலோ எடை, குட்டை மயிர், நீண்ட மூஞ்சி, கொஞ்சம் விறைத்த அல்லது மடிந்த காது, மேலே வளைந்த வால். பாலித் தீவின் தெருநாயும் அப்படித்தான், ஆப்பிரிக்கக் கிராமங்களின் நாயும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் காடேறிப் பல ஆயிரம் ஆண்டு தனியே வாழ்ந்த டிங்கோவும் அந்த அச்சிலிருந்து பெரிதாக விலகவில்லை. மனிதன் இணை சேர்க்காத இடத்தில் நாயும் பூனையைப் போலவே ஓர் உருவத்தில் வந்து நிலைத்துவிடுகிறது. தெருநாயைத் தெருப்பூனையோடு ஒப்பிட்டால் நம் கேள்வியில் பாதி கரைந்துபோகும். நாயின் பன்முகம் நாயின் ரத்தத்தில் தானாக ஊறியது என்று நினைப்பவர்களுக்கு, வீட்டு வாசலில் படுத்திருக்கும் அந்தச் செவலை நாயே மறுப்பு.

மீதிப் பாதிக்கு மரபணுவைப் பார்க்க வேண்டும். மனிதன் எவ்வளவு முயன்றாலும், தேர்ந்தெடுக்க ஏதாவது இருந்தால்தானே தேர்ந்தெடுக்க முடியும்?

நாய் மரபணு ஆராய்ச்சியின் முக்கியமான திருப்பம் போர்ச்சுகீசிய வாட்டர் டாக் என்ற நாயினத்திலிருந்து வந்தது. மீனவர்களோடு படகில் போகும் இந்த நாய்கள், ஒரே இனத்துக்குள்ளேயே சிறியதும் பெரியதுமாகப் பிறப்பவை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் லார்க் என்பவரின் குழு இந்த நாய்களின் எக்ஸ்-ரே படங்களையும் ரத்த மாதிரிகளையும் சேகரித்து, உடம்பின் அளவைத் தீர்மானிக்கும் இடத்தை 15ஆம் குரோமோசோமில் கண்டது. அங்கே இருந்தது ஐ.ஜி.எஃப்-1 என்ற மரபணு. எலும்பும் தசையும் வளரத் தூண்டும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. பிறகு எலெய்ன் ஆஸ்ட்ராண்டரின் குழு 143 இனங்களைச் சேர்ந்த 3,000க்கும் மேற்பட்ட நாய்களைச் சோதித்தது. சிறிய இனங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த மரபணுவின் ஒரே வடிவம் இருந்தது, ராட்சத இனங்களில் அது இல்லவே இல்லை எனலாம். 2007இல் வெளியான இந்த முடிவு உயிரியலாளர்களை வியக்க வைத்தது. உடம்பின் அளவு போன்ற சிக்கலான ஒன்றை ஒற்றை மரபணு இவ்வளவு தூரம் ஆட்டுவிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மனிதரோடு ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, மனித உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றும் உயரத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ மயிரிழை அளவு. நாயிலோ சுமார் 20 மரபணுக்களே உடல் அளவு வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன. காரணம் எளிது. இயற்கையில் ஒரே அடியாக உருவத்தை மாற்றும் பிறழ்வோடு பிறக்கும் குட்டி பெரும்பாலும் பிழைப்பதில்லை. கால் குட்டையான ஓநாய்க் குட்டி மானைத் துரத்த முடியாமல் பட்டினியில் சாகும். மனிதன் வீட்டில் அது சாகாது. அவன் அதைத் தூக்கிப் பார்த்து, வளைக்குள் புகுந்து வேட்டையாட இதுதான் வேண்டும் என்று அதற்குச் சோறு போட்டு, ஜோடியும் தேடுவான். இயற்கை கழித்துவிடும் பெரிய பிறழ்வுகளை மனிதன் பொறுக்கி எடுத்துச் சேர்த்து வைத்தான். நாயின் உருவம் ஒரு சில மரபணுக்களால் ஆளப்படுவது, மனிதக் கை அதில் பட்டதன் தடயம்.

ஐ.ஜி.எஃப்-1 கதைக்கு ஒரு பின்குறிப்பு 2022இல் வந்தது. சிறிய நாய்களை உண்டாக்கும் அந்த வடிவத்தை மனிதன் வளர்ப்பில் தோன்றிய புதுப் பிறழ்வு என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆஸ்ட்ராண்டரின் குழுவினர் பழைய எலும்புகளின் மரபணுவில் தேடியபோது, சைபீரியாவில் 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஓநாயிடம் அது இருந்தது. நாய் என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு! நரிகளிடமும் கயோட்டிகளிடமும்கூடச் சிறிய வடிவமே இருக்கிறது. ஆகவே சிறிய வடிவம்தான் மூலம், பெரிய வடிவம் பின்னால் ஓநாய்களிடம் பரவியது. ஓநாய் தன் ரத்தத்தில் இரண்டு அளவையும் மறைத்து வைத்திருந்தது. மனிதன் கேட்டதும் எடுத்துக் கொடுத்தது.

குட்டைக் காலின் கதை வேறு மாதிரி. டாக்ஸ்ஹண்ட், கோர்கி, பாசெட் ஹவுண்ட் எல்லாவற்றுக்கும் கால் குட்டையானதற்குக் காரணம், எஃப்.ஜி.எஃப்-4 என்ற வளர்ச்சி மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று 18ஆம் குரோமோசோமில் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டதுதான். இது 2009இல் கண்டறியப்பட்டது. அந்த நகலால் காலெலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. இத்தனை குட்டைக்கால் இனங்களிலும் இருப்பது ஒரே நகல் என்பதால், இது ஒரே ஒரு முறை, ஏதோ ஒரு நாயிடம் நிகழ்ந்து, கைமாறிக் கைமாறிக் கண்டங்கள் முழுதும் பரவியிருக்க வேண்டும்.

இன்னொன்று வளர்ச்சியின் பாதை. பிறந்த நாய்க்குட்டிகளை வைத்துப் பார்த்தால் எந்த இனமானாலும் உருண்டைத் தலை, மொட்டை மூஞ்சி. ஓநாய்க் குட்டியும் அப்படியே பிறக்கிறது. பிறகுதான் முகம் வளர்ந்து வளர்ந்து மூளைக்கூட்டைவிட வெகு தூரம் முன்னால் நீள்கிறது. 1980களில் ராபர்ட் வேய்ன் என்ற உயிரியலாளர் நாய்க் குடும்பத்தின் எலும்புகளை அளந்து, இந்த நீண்ட மாற்றப் பயணம்தான் நாய்க்குப் பன்முகத்தைத் தருகிறது என்று வாதிட்டார். வளர்ச்சியின் வேகத்தையோ கால அளவையோ கொஞ்சம் மாற்றினாலும் முடிவில் வெகுவாக மாறிய முகம் கிடைக்கும். சிறிய இனங்கள் பத்து மாதத்துக்குள் வளர்ந்து முடிகின்றன, கிரேட் டேன் ஒன்றரை ஆண்டுக்கு மேலும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பூனைக்குட்டியும் உருண்டை முகத்தோடுதான் பிறக்கிறது, ஆனால் வளர்ந்த பூனையின் முகமும் குட்டை முகம்தான். குட்டிக்கும் தாய்க்கும் இடையே உள்ள தூரமே குறைவு. ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள் வழியில் வெவ்வேறு நிறுத்தத்தில் இறங்குவதானால், மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் பஸ்ஸில் இறங்க எத்தனையோ ஊர் உண்டு, மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் பஸ்ஸில் எத்தனை ஊர் இருக்கும்?

உடம்பின் அளவுக்கும் இடம் வேண்டும். ஓநாய் அரேபியப் பாலையில் 20 கிலோ, வடதுருவப் பக்கம் 50 கிலோவுக்கு மேல். அங்கிருந்து கீழே இறங்கப் பல படிகள் இருந்தன, மேலேயும் கொஞ்சம் இருந்தது. காட்டுப்பூனையோ 4, 5 கிலோ விலங்கு. அதைப் பாதியாக்கினாலே உயிர் வாழும் எல்லையை நெருங்கிவிடும். மேலே போக இடமிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பூனைக் குடும்பத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் துருப்பிடித்த நிறப் புள்ளிகள் கொண்ட குட்டிக் காட்டுப்பூனை ஒன்றரை கிலோதான் இருக்கும், ஆண் புலி 200 கிலோவைத் தாண்டும். உருவம் கிட்டத்தட்ட ஒன்றே, அளவு நூறு மடங்குக்கு மேல். பூனையின் உடலமைப்பைப் பெரிதாக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இறைச்சி மட்டுமே தின்று, தனியே வேட்டையாடி, யார் சொல்லுக்கும் கட்டுப்படாத ஒரு விலங்கை 30 கிலோவுக்கு வளர்த்து வீட்டுக்குள் விட யாருக்கு மனம் வரும்? குழந்தை தூங்கும் வீட்டில் சிறுத்தை அளவுப் பூனை வேண்டாம். பூனை சிறியதாகவே இருந்ததுதான் அது வீட்டுக்குள் வந்ததற்கே காரணம் என்பது என் எண்ணம்.

மயிர் விஷயத்தில் நாயும் பூனையும் ஒரே பாதையில் போயிருக்கின்றன. எஃப்.ஜி.எஃப்-5 என்ற மரபணு பழுதானால் நாய்க்கும் மயிர் நீளும், பூனைக்கும் நீளும். கே.ஆர்.டி-71 என்ற மரபணு மாறினால் நாய்க்குச் சுருட்டை மயிர் வருகிறது, பூனையிலோ டெவன் ரெக்ஸின் அலைமயிரும் ஸ்ஃபின்க்ஸின் மொட்டை உடம்பும் வருகின்றன. ஆக, பூனையின் மரபணு இறுகிப்போன ஒன்று என்று எண்ண வேண்டியதில்லை. பிறழ்வுகள் அதற்கும் வருகின்றன. பொறுக்கிச் சேர்த்து வைக்க ஆள்தான் வெகு காலம் இல்லை. வீட்டுப்பூனையிடம் சாதாரணமாகக் காணும் சுழிசுழியான பட்டை நிறம்கூட 14ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பழைய எலும்புகளின் மரபணுவில் தென்படத் தொடங்குகிறது.

ஆள் வந்த தேதி நமக்குத் தெரியும். 1871 ஜூலை 13, லண்டன் கிரிஸ்டல் பேலஸ். ஹாரிசன் வெய்ர் என்ற ஓவியர் அங்கே பெரிய பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார், இன்றைய பூனைக் கண்காட்சிகளுக்கெல்லாம் அதுவே தொடக்கம். நாய்க் கண்காட்சி அதற்குப் 12 ஆண்டு முன்பே, 1859இல் நியூகாசில் நகரில் தொடங்கியிருந்தது. அதில் கலந்துகொண்டவை பாயிண்டர், செட்டர் என்ற வேட்டை நாய்கள் மட்டுமே. ஆனால் கண்காட்சி மேடை ஏறியதும் நாயின் தலைவிதி மாறிவிட்டது. ஓடுகிறதா, இழுக்கிறதா, பிடிக்கிறதா என்று பார்த்தவர்கள் மூஞ்சி எவ்வளவு தட்டை, தோல் எவ்வளவு மடிப்பு என்று பார்க்கத் தொடங்கினார்கள். வேலை போட்ட எல்லை ஒன்று இருந்தது. மூச்சு விட முடியாத நாய் வேட்டைக்கு ஆகாது. அந்த எல்லையை மேடை அழித்தது.

அதன் விலையை நாய்கள் கட்டுகின்றன. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களில் மூஞ்சியின் எலும்பு சுருங்கிவிட்டது, உள்ளே இருக்கும் மெல்லண்ணமும் நாக்கும் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. இடுங்கிய மூக்குத் துளையும் அடைத்த தொண்டையுமாக அவை இழுத்து இழுத்து மூச்சு விடுகின்றன. நாய்க்கு உடம்புச் சூடு தணிவதே இளைப்பதால்தான். நம் மே மாத வெயிலில் அந்த நாய் படும் பாட்டைக் கண்டவர்கள், அந்தக் குறட்டைச் சத்தத்தை அழகு என்று சொல்ல மாட்டார்கள். டாக்ஸ்ஹண்டுக்கு முதுகு. 12ஆம் குரோமோசோமில் எஃப்.ஜி.எஃப்-4இன் இன்னொரு கூடுதல் நகல் இருப்பதை 2017இல் கண்டுபிடித்தார்கள். அது காலையும் குட்டையாக்குகிறது, முதுகெலும்புத் தட்டுகளையும் இளம் வயதிலேயே இறுகி நொறுங்கச் செய்கிறது. ஒரு நாள் காலையில் பின்னங்கால்கள் இழுபட எழ முடியாமல் கிடக்கும் டாக்ஸ்ஹண்டை உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பெரிய நாய்க்கு ஆயுள் குறைவு. கிரேட் டேன் எட்டு, ஒன்பது வயதைக் கண்டாலே நல்ல ஆயுள், சிறிய இனங்கள் 14, 15 வயது சாதாரணமாக வாழ்கின்றன.

இப்போது பூனையின் முறை. 1961இல் ஸ்காட்லாந்தின் பண்ணை ஒன்றில் காது மடிந்த பூனை ஒன்று கண்ணில் பட்டது. அதன் வழி வந்ததே ஸ்காட்டிஷ் ஃபோல்ட். குழந்தை முகம், பெரிய கண், படிந்த காது என்று கைபேசித் திரைகளில் எல்லோரும் ரசிக்கும் பூனை. காதைப் படிய வைக்கும் அதே பிறழ்வு உடம்பு முழுவதிலும் உள்ள குருத்தெலும்பைக் கெடுக்கிறது. வாலும் காலும் விறைத்து, மூட்டுகள் வலித்து, குதிக்க முடியாமல் போகிற பூனைகள் அவை. மடிந்த காதுள்ள எந்தப் பூனையும் இந்த நோயிலிருந்து முழுதாகத் தப்புவதில்லை. 1983இல் அமெரிக்காவின் லூசியானாவில் கண்டெடுத்த குட்டைக்கால் பூனையிலிருந்து மன்ச்கின் இனத்தை உண்டாக்கினார்கள். அந்தப் பிறழ்வு இரு பெற்றோரிடமிருந்தும் ஒருசேர வந்தால் கரு வயிற்றிலேயே இறந்துவிடும். பாரசீகப் பூனையின் மூக்கைக் கண்களுக்கு இடையே ஏற்றும்வரை விடவில்லை.

பூனை மாறாது என்ற எண்ணம் இன்று பழசாகிவிட்டது. டிரேக், ஜோனதன் லோசோஸ் முதலியோர் 2025இல் நாய், பூனை மண்டையோடுகளை ஸ்கேன் செய்து ஒப்பிட்டபோது, தட்டைமுகப் பாரசீகப் பூனையின் மண்டையோடும் பக் நாயின் மண்டையோடும் ஒரே வடிவத்தை நோக்கி வந்திருப்பதைக் கண்டார்கள். இரண்டின் மூதாதைகளும் பிரிந்து சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு தூரம் விலகிப் போனவற்றை மனிதனின் ஒரே ரசனை ஒன்றரை நூற்றாண்டில் ஒரு முகத்துக்குள் கொண்டு வந்துவிட்டது. பூனைக்கு இல்லாதிருந்தது திறன் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நெதர்லாந்து அரசு 2019 முதல், மூக்கின் நீளம் மண்டையோட்டு நீளத்தில் குறிப்பிட்ட பங்குக்குக் குறைவாக உள்ள நாய்களை இணை சேர்ப்பதைத் தடுக்கும் விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்தி வருகிறது. மடிந்த காதுப் பூனையை உருவாக்குவது அங்கே முன்பே குற்றம். 2026 ஜனவரி 1 முதல் மடிந்த காதுப் பூனையையும் மயிரற்ற பூனையையும் புதிதாக வாங்கி வளர்ப்பதற்கும் அங்கே தடை. ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றை, அடையாளச் சிப் பொருத்தியிருந்தால், அவற்றின் ஆயுள்வரை வைத்துக்கொள்ளலாம்.